கடலைத் தாண்டிய படகு வாசலில் ஏன் கவிழ்கிறது?

"முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து மீனவர் பலி." குமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்திலிருந்தும், எல்லை தாண்டினால் கேரளத்து முதலப்பொழியிலிருந்தும் மழைக்காலம்தோறும் வரும் செய்தி இது. கூடவே வரும் வீடியோவைப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். புயல் இல்லை. கரையில் நிற்பவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடும் தூரத்தில் படகு. ஓட்டுபவரோ பல வருடம் கடலிலேயே கிடந்தவர். ஒரு அலை வருகிறது, படகு தலைகீழாகக் கிடக்கிறது.

பாய்மரப் படகில் உலகம் சுற்றுபவர்களிடமும் இதே பயம் உண்டு. நடுக்கடலில் வாரக்கணக்கில் காற்றோடு மல்லுக்கட்டி வந்தவர்கள், துறைமுகத்துக்குள் நுழையும் கடைசி அரை மணி நேரத்தில் படகை இழந்திருக்கிறார்கள். இந்த ஆபத்து மிக விரிவாகப் பதிவான இடம் அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கிறது. ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களுக்கு நடுவே கொலம்பியா ஆறு பசிபிக்கில் கலக்கும் முகத்துவாரம் அது. 1792க்குப் பிறகு பெரிதும் சிறிதுமாகச் சுமார் 2,000 கலங்கள் அந்தப் பகுதியில் சேதமாகியிருக்கின்றன, 700 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். 'பசிபிக்கின் கல்லறை' என்றே அந்தக் கடலுக்குப் பெயர். அங்கே என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டால், தேங்காய்ப்பட்டணத்தில் நடப்பதும் புரியும்.

மணல் எங்கிருந்து வருகிறது?

ஆறு கடலை நோக்கி ஓடும்போது மணலையும் வண்டலையும் அள்ளிக்கொண்டு வருகிறது. கடலில் கலந்ததும் நீர் விரிந்து வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால் சுமையை இறக்கி வைக்கத்தானே வேண்டும்? அந்த இடம்தான் முகத்துவாரத்துக்குச் சற்று வெளியே, நீருக்கடியில் குறுக்கே கிடக்கும் மணல் திட்டு. மாலுமிகள் இதை 'பார்' என்பார்கள். (நம் மீனவர்கள் பார் என்று சொல்வது கடலடிப் பாறையை. இரண்டும் வேறு.)

இன்னொரு வழியும் உண்டு. அலைகள் கரையில் சாய்வாக மோதும்போது மணல் கரையோடு ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே இருக்கும். குறுக்கே ஒரு சுவர் கட்டினால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் அரிக்கும். இதற்குச் சென்னையைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை. துறைமுகச் சுவர் எழுந்த பிறகு தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஊருக்குள் வந்தது.

கொலம்பியாவில் ஆற்றின் வாயை நேர்ப்படுத்த 1885 முதல் கற்சுவர்கள் கட்டினார்கள். தெற்குச் சுவர் முதலில், வடக்குச் சுவர் 1917இல் முடிந்தது. ஆழமான ஒரு வழி கிடைத்தது. ஆனால் இரண்டு ஓரத்திலும் மணல் திட்டுகள் அப்படியே இருக்கின்றன. வடக்குத் திட்டின் பெயர் பீகாக். 1841இல் அங்கே உடைந்த அமெரிக்கக் கடற்படைக் கப்பலின் பெயர் அது.

முக்கியமான விஷயம், இந்தத் திட்டு இடம் மாறும். ஒரு பெருமழைக்குப் பிறகு போன மாதத்து வழி இந்த மாதம் இருக்காது. 1863 பிப்ரவரி 7 அன்று, பட்டப்பகலில், பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஆர்ஃபியஸ் நியூசிலாந்தின் மனுகாவ் துறைமுகத்துக்குள் நுழைய முயன்றது. நம்பி வந்தது பழைய கடல் வரைபடத்தை. திட்டு நகர்ந்திருந்தது. கப்பலில் இருந்த 259 பேரில் 189 பேர் இறந்தார்கள். நியூசிலாந்தின் மிக மோசமான கடல் விபத்து இன்றுவரை அதுதான்.

அலைக்கு அங்கே என்ன ஆகிறது?

மூன்று விஷயங்கள் சேர்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. ஆழம் குறைகிறது. 12 வினாடிக்கு ஒன்றாக வரும் அலையை எடுத்துக்கொள்வோம். ஆழ்கடலில் அதன் நீளம், அதாவது ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை, சுமார் 225 மீட்டர். வேகம் மணிக்கு 67 கிலோமீட்டர். அவ்வளவு நீளமான அலை உங்களை மெதுவாகத் தூக்கி மெதுவாக இறக்கும். அதே அலை 4 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது வேகம் மணிக்கு 22 கிலோமீட்டராகக் குறைந்துவிடும், நீளம் 75 மீட்டராகச் சுருங்கும். 12 வினாடி என்ற இடைவெளி மட்டும் மாறாது. பின்னால் வரும் நீர் முன்னால் இருப்பதன் மேல் நெருக்க, அலை உயர்ந்து செங்குத்தாகும். அலையின் உயரம் ஆழத்தில் முக்கால் பங்கைத் தாண்டும்போது உடையும். 4 மீட்டர் ஆழத்தில் 3 மீட்டர் அலை உடையும் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம்.

2. எதிர்நீரோட்டம். கடல் ஏறுவதை ஏற்றம், இறங்குவதை வற்றம் என்கிறோம் (பேச்சில் ஏத்தம், வத்தம்). வற்றத்தின்போது ஆறும் காயலும் நிரம்பிய நீர் மொத்தமும் அந்தக் குறுகிய வாய் வழியாக வெளியே பாயும். உள்ளே வரும் அலைக்கு இது நேர் எதிர். ஓட்டத்தின் வேகம் அலையின் வேகத்தில் கால் பங்கைத் தொட்டால் அந்த அலையால் மேலே நகரவே முடியாது. 4 வினாடி இடைவெளியில் வரும் சாதாரணக் காற்றலையை நிறுத்த, மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர் ஓட்டம் போதும். வேகமாக நடக்கும் ஒரு ஆளின் வேகம் அவ்வளவுதான். நின்ற இடத்திலேயே அலைகள் குவிந்து உடையும். கொலம்பியாவின் வடக்கு ஓரத்தில் வற்றத்தின் வேகம் 6 முதல் 8 நாட், அதாவது மணிக்கு 11 முதல் 15 கிலோமீட்டர் வரை போகும்.

3. தூரத்து அலை. உள்ளூரில் காற்றே இல்லாமல் இருக்கலாம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி எங்கோ அடித்த புயலின் அலைகள் நாள்கணக்கில் பயணம் செய்து வந்துசேரும். 'கள்ளக்கடல்' என்று ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் எச்சரிக்கும்போது சொல்வது இதைத்தான். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் கிளம்பும் அலை 16, 18 வினாடி இடைவெளியோடு வரும். நடுக்கடலில் அதன் உயரம் குறைவு, படகில் இருப்பவருக்கு வருவதே தெரியாது. திட்டில் ஏறியதும் அதே அலை எழுந்து நிற்கும்.

முன்னறிவிப்பில் "அலை உயரம் 2 மீட்டர்" என்று போட்டிருந்தால், அது வரும் அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி. சில மணி நேரத்தில் அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரமான ஒரு அலை வரத்தான் செய்யும். உங்களைக் கவிழ்க்க அந்த ஒன்று போதும்.

பாய்மரப் படகின் தனிச் சிக்கல்

விசைப்படகு வைத்திருப்பவர் ஒரு அலையின் முதுகில் ஏறி, அது போகும் வேகத்திலேயே தானும் ஓட்டி உள்ளே வந்துவிடலாம். முன்னால் உள்ள அலையை முந்தக்கூடாது, பின்னால் வருவது பிடிக்கவும் விடக்கூடாது. 10 மீட்டர் நீளப் பாய்மரப் படகால் இது ஆகாது. அதன் உடல்வாகுக்கு மணிக்கு 13 கிலோமீட்டர்தான் இயல்பான உச்ச வேகம். திட்டின் மேல் அலை 22 கிலோமீட்டரில் வருகிறது. ஆக, ஒவ்வொரு அலையும் பின்னாலிருந்து படகைப் பிடித்தே தீரும். வற்றத்தில் நுழைய முயன்றால் இன்னும் மோசம். படகின் முழு வேகமும் எதிர்நீரோட்டத்துக்கே சரியாகப் போய்விடும், உடையும் அலைகளுக்கு நடுவே நின்ற இடத்தில் நின்றுகொண்டிருப்பீர்கள்.

அலை பிடிக்கும் அந்தச் சில வினாடிகளைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். முதலில் படகின் பின்பக்கம் தூக்கும். அணியம், அதாவது முன்முனை, கீழே சரிந்து பள்ளத்து நீரில் குத்தும். பள்ளத்தில் உள்ள நீர் கடலை நோக்கி நகர்கிறது, முகட்டில் உள்ள நீர் கரையை நோக்கி நகர்கிறது. முன்பக்கத்தைப் பிடித்து நிறுத்திக்கொண்டு பின்பக்கத்தைத் தள்ளினால் எந்தப் பொருளும் திரும்பத்தானே செய்யும்? அப்போது சுக்கானைத் திருப்பினாலும் பிடி இருக்காது. சுக்கான் இருப்பது முகட்டு நீரில். அந்த நீரும் படகோடு சேர்ந்தே ஓடுகிறது, அதனால் சுக்கானைத் தாண்டி நீர் பாய்வதில்லை. கையில் இருக்கும் சுக்கான் தண்டு திடீரென்று கனமில்லாமல் போகும். அடுத்த வினாடி படகு அலைக்குக் குறுக்கே கிடக்கும்.

குறுக்கே கிடந்தால் எவ்வளவு அலை தாங்கும்? 1979 ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் புயல் அடித்துப் பந்தயப் படகுகளில் இருந்த 15 பேர் இறந்த பிறகு, பிரிட்டனின் சவுத்தாம்ப்டனில் மாதிரிப் படகுகளைத் தொட்டியில் விட்டுச் சோதித்தார்கள். படகின் நீளத்தில் 30 சதவீத உயரமுள்ள உடையும் அலை பக்கவாட்டில் அடித்தால் படகு கவிழலாம். 60 சதவீதம் என்றால் எந்தப் படகும் முழுதாகப் புரண்டுவிடும். 10 மீட்டர் படகுக்கு 3 மீட்டர் அலை. மேலே கணக்குப் போட்டுப் பார்த்த, 4 மீட்டர் ஆழத்தில் உடைந்த அதே அலை.

இன்னும் ஒன்று பாக்கி. பாய்மரப் படகின் அடியில் கீல் என்ற கனமான தகடு தொங்குகிறது. 10 மீட்டர் படகில் அது நீர்மட்டத்துக்குக் கீழே சுமார் 1.8 மீட்டர். வரைபடத்தில் 4 மீட்டர் என்றிருந்தாலும் அலையின் பள்ளத்தில் 1 மீட்டர் போய்விடும். மிஞ்சுவது 1.2 மீட்டர். படகு தலையாட்டுவதைச் சேர்த்தால் அதுவும் இல்லை. கீல் மணலில் ஒருமுறை தட்டி படகு நின்றால், அடுத்த அலை அதன் மேல்தான் உடையும்.

நுழையும் முன்

உண்மையான வேலை எல்லாம் வெளியே இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும்.

1. நேரம். ஏற்றம் முடியப்போகும் கடைசி ஒரு மணி நேரமும், அதற்குப் பிறகு ஓட்டம் நிற்கும் சிறிது நேரமும்தான் நல்ல வேளை. ஆழமும் அதிகம், எதிர்நீரோட்டமும் இல்லை. ஒரு தவறு பலர் செய்கிறார்கள். நீர் மட்டம் உச்சம் தொடும் நேரமும் ஓட்டம் நிற்கும் நேரமும் ஒன்றல்ல. ஆற்று வாய்களில் இரண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கும். மேலே மழை கொட்டியிருந்தால் ஏற்ற நேரத்திலும் ஆறு வெளியே தள்ளிக்கொண்டே இருக்கலாம். மட்ட அட்டவணையை மட்டும் பார்த்து முடிவெடுக்கக்கூடாது, நீரோட்ட அட்டவணை தனியாகப் பார்க்க வேண்டும்.

2. பார்த்துக்கொண்டு நிற்பது. கடலிலிருந்து பார்க்கும்போது உடையும் அலையின் முதுகுதான் தெரியும், முகம் தெரியாது. முதுகு வழவழவென்று சாதுவாக இருக்கும். முகட்டிலிருந்து திவலை பறக்கிறதா, வெள்ளைக்கோடு வழியின் குறுக்கே முழுதாக ஓடுகிறதா, இடையில் எங்காவது அறுபடுகிறதா என்று பைனாகுலரில் குறைந்தது அரை மணி நேரம் பார்க்க வேண்டும். பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு சற்று ஓயும். அந்த ஓய்வு எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். திட்டைக் கடக்க ஆகும் நேரத்தைவிட அது குறைவாக இருந்தால் இப்போது வேண்டாம்.

3. கேட்பது. விஎச்எஃப் ரேடியோவில் 16ஆம் சேனலில் கரையைக் கூப்பிட்டுக் கேட்கலாம். கரையிலிருந்து பார்ப்பவருக்கு அலையின் முகம் தெரியும். ஓரிகன், வாஷிங்டன் கரை முழுக்க ஒவ்வொரு முகத்துவாரத்தின் நிலவரத்தையும் கடலோரக் காவல்படை சொல்கிறது, நிலைமை மோசமானால் சிறு படகுகளுக்கு வாயை மூடியும் விடுகிறது.

4. படகைக் கட்டுவது. அடுப்பின் மேல் உள்ள கெண்டிகூட அசையும்படி இருக்கக்கூடாது. கேபின் வாசல் பலகைகளைப் போட்டுப் பூட்ட வேண்டும். ஒரு கன மீட்டர் நீர் ஒரு டன், திறந்த வாசல் வழியாக அது உள்ளே போக ஒரு அலை போதும். எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி, படகோடு கட்டிய கயிறு.

5. இன்ஜின். ஓட விட்டு, சூடாக்கி, முன்னும் பின்னும் போட்டுப் பார்த்துவிட வேண்டும். மாதக்கணக்கில் டீசல் டாங்கின் அடியில் படிந்த கசடு, படகு குலுங்கும்போது கலங்கி ஃபில்டரை அடைக்கும். இன்ஜின் நிற்பதற்கு உலகிலேயே மோசமான இடத்தில் அது நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். அதனால் இன்ஜினை மட்டும் நம்பாமல் சிறிய முன்பாய் ஒன்றை விரித்து வைத்திருப்பது நல்லது. முன்னாலிருந்து இழுக்கும் பாய், படகு குறுக்கே திரும்பாமலும் காக்கும். பின்காற்றில் பெரிய பாய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் அடித்துப் பாய்ந்தால் ஆளையே வீழ்த்தும், அதைச் சுருட்டி விடலாம்.

திட்டின் மேல்

கரையில் இரண்டு வழிகாட்டிக் கம்பங்கள் இருந்தால், இரண்டும் ஒரே கோட்டில் தெரியும்படி வர வேண்டும். பக்கவாட்டு ஓட்டம் படகைத் தள்ளினால் கம்பங்கள் உடனே விலகிக் காட்டும். இல்லாத இடத்தில் மிதவைகளையும் ஆழமானியையும் நம்பித்தான் வர வேண்டும்.

ஒருவர் சுக்கானில் இருக்கட்டும், இன்னொருவர் பின்னால் மட்டும் பார்க்கட்டும். சுக்கான் பிடிப்பவர் திரும்பித் திரும்பிப் பார்த்தால் நேர்கோடு போய்விடும். பின்னால் பார்ப்பவர் "இடப்பக்கம் பெரிசு" என்று சொன்னதும் படகின் பின்பக்கம் அந்த அலைக்கு நேராக இருக்க வேண்டும். படகு திரும்ப ஆரம்பித்த பிறகு சுக்கானைத் திருப்பிப் பயனில்லை, அலை தூக்குவதற்கு முன்பே நேராக்கிவிட வேண்டும். படகு அலையின் முகத்தில் சறுக்க ஆரம்பித்தால் வேகத்தைக் குறைத்து அலையை முன்னே போக விட வேண்டும். ஓய்வு கிடைக்கும்போது முழு வேகம்.

பழைய துடுப்பு உயிர்காப்புப் படகுகள் திட்டைக் கடக்கும்போது ட்ரோக் என்ற ஒன்றைப் பின்னால் கட்டி இழுத்து வரும். வாய் அகன்ற, நுனி குறுகிய ஒரு துணிக் கூம்பு அது. நீரில் பிடித்துக்கொண்டு பின்பக்கத்தை அலைக்கு நேராகவே வைத்திருக்கும். பாய்மரப் படகுக்கு இன்றும் இது நல்ல துணை. கயிறு இன்ஜின் விசிறியில் சிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

பாதியில் மனம் மாறித் திரும்புவது மட்டும் கூடாது. திரும்பும் அந்த நேரத்தில் நீங்களே படகை அலைக்குக் குறுக்கே வைக்கிறீர்கள்.

வெளியே போவது இதைவிடச் சுலபம். அலையின் முகம் கண்ணெதிரே தெரியும், சுக்கானுக்கும் நல்ல பிடி இருக்கும். அலையைச் சற்றே சாய்வாக ஏற வேண்டும், முகட்டை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் படகு அந்தப் பக்கம் தொப்பென்று விழும்.

நுழையாமல் இருப்பது

1811 மார்ச்சில் டோன்க்வின் என்ற கப்பல் கொலம்பியாவின் வாசலுக்கு வந்தது. கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. காத்திருக்கக் கேப்டனுக்குப் பொறுமை இல்லை, ஆழம் பார்க்கச் சிறு படகுகளை அனுப்பினார். 8 பேர் இறந்தார்கள். 150 வருடம் கழித்து, 1961 ஜனவரி 12 அன்று, சுக்கானை இழந்த மெர்மெய்ட் என்ற சிறு மீன்பிடிப் படகைக் காப்பாற்றப் போன கடலோரக் காவல்படையினர் 5 பேர் அதே இடத்தில் இறந்தார்கள். மெர்மெய்டில் இருந்த இருவரும் பிழைக்கவில்லை. அங்கே தவறு செய்பவர் தன்னை மட்டும் பணயம் வைப்பதில்லை.

பாய்மரப் படகுக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. ஆழமான நீரில் முன்பாயை எதிர்ப்பக்கம் இழுத்துக் கட்டி, சுக்கானையும் எதிர்த்திசையில் பூட்டிவிட்டால் படகு ஏறக்குறைய நின்ற இடத்தில் மெதுவாக மிதந்துகொண்டிருக்கும். சோறு பொங்கலாம், முறைபோட்டுத் தூங்கலாம். அடுத்த ஏற்றத்துக்கு இன்னும் சில மணி நேரம்தான். அலை அடங்காவிட்டால் மணல் இல்லாத வேறு துறைமுகத்துக்குப் போகலாம். கரை கண்ணில் படும்போது களைத்துப்போன உடம்பு இதைக் கேட்காது. அதனால் காத்திருக்கும் முடிவைப் புறப்படும்போதே எடுத்துவைக்க வேண்டும், ஒருநாள் அதிகத் தண்ணீரும் டீசலும் சேர்த்து.

நம் முகத்துவாரங்கள்

முதலப்பொழியில் துறைமுகச் சுவர்கள் எழுந்த பிறகு 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்திருக்கிறார்கள். 2023 ஜூலை 10 அன்று ஒரே படகில் 4 பேர். இங்கே ஓதம், அதாவது ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள மட்ட வித்தியாசம், சுமார் 1 மீட்டர்தான், கொலம்பியாவில் பாதிகூட இல்லை. ஆனால் மழைக்காலத்தில் ஆறும் காயலும் வெளியே தள்ளும் நீர் இருக்கிறது, சேர்ந்துகொண்டே போகும் மணல் இருக்கிறது, சுவரில் மோதித் திரும்பும் அலை வரும் அலையோடு மோதுகிறது. மேற்குக் கரையில் ஜூன், ஜூலையில் வரும் தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான். வள்ளமும் ஃபைபர் படகும் வைத்திருப்பவர்கள் சரியாகத் தென்மேற்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் மாதங்களில் இந்த வாயைக் கடக்கிறார்கள்.

அவர்களிடம் போய் "ஏற்றத்துக்குக் காத்திரு" என்று சொல்வது நியாயமில்லை. ஃபைபர் படகில் கேபின் கிடையாது, பிடித்த மீன் வெயிலில் கெடும், கேன் மண்ணெண்ணெய் முடிந்துகொண்டிருக்கும், தாமதமாக வந்தால் ஏலத்தில் விலை கிடைக்காது. காத்திருக்க முடிகிற நிலைமையைக் கரையில்தான் உண்டாக்க வேண்டும். ஓரிகன் கரையின் சின்ன ஊர்களில் முன்பு முகத்துவாரத்தைப் பார்த்தபடி ஒரு பலகை நின்றது. வாயில் அலை 4 அடியைத் தாண்டினால் அதில் இரண்டு மஞ்சள் விளக்குகள் மாறி மாறி எரிந்தன. மாதாமாதம் ஆழம் அளந்து எழுதிப்போடும் ஒரு பலகை, சுவர் முனையில் இரண்டு மஞ்சள் விளக்கு, விஎச்எஃப் வைத்துக்கொண்டு அலையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள், தேங்கும் மணலை மழைக்கு முன்பே அள்ள ஒரு தூர்வாரும் கப்பல். தேங்காய்ப்பட்டணத்துச் சுவர் முனையில் இவற்றை வைக்க இடம் இருக்கிறது.